முறை வைத்துப் போட்ட வலை: எர்ணாவூர் ஆற்று மீன்பிடியின் வரலாறு

எர்ணாவூர் ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்த ஊர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் மணலியின் ஆலைகள். வடக்கே சற்றுத் தொலைவில் கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கிடக்கும் இவ்வூர் 2011இல் அக்கம்பக்கத்துப் பகுதிகளோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. கடலோரக் குப்பம் என்றுதான் வெளியார் இதை அறிவார்கள். ஆனால் இந்தப் பகுதியின் மீன்பிடி கடலை மட்டும் நம்பியதன்று. ஆற்றின் கடைசி நீட்சி, அது கடலைத் தொடும் கழிமுகம், அங்கிருந்து வடக்கே பழவேற்காடு நோக்கியும் தெற்கே நகரத்துக்குள்ளும் போகும் கால்வாய் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இங்கே ‘ஆறு’. கடலில் பிடிப்பது ஒரு தொழில், ஆற்றில் பிடிப்பது இன்னொரு தொழில். இரண்டுக்கும் கருவி வேறு, நேரம் வேறு, ஊர்க் கட்டுப்பாடும் வேறு.

கொசஸ்தலையாறு ஏறத்தாழ 136 கி.மீ. நீளமுள்ளது. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரும் நகரி ஆறும் அதற்கு நீர் தருகின்றன. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டபின் வரும் நீரில் பெரும்பகுதி சென்னையின் குடிநீருக்குப் போயிற்று. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம், வள்ளூர் அணைக்கட்டுகள் மிச்சத்தையும் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும் சில வாரங்கள் தவிர, ஆண்டின் மற்ற நாட்களில் எண்ணூரில் காண்பது ஆற்று நீரைவிடக் கடல் நீரே. நாளுக்கு இருமுறை கடல் உள்ளே ஏறும், இருமுறை வற்றும். இந்த ஏற்றமும் வற்றமும்தான் மீன்களின் போக்குவரத்து. மடவை, கொடுவா, கிழங்கான், காலா, கெளுத்தி, சேற்று நண்டு எல்லாம் இந்த உப்பங்கழியில் கிடைத்தவை. ஆனாலும் ஆற்றின் பணப்பயிர் இறால்தான்.

இறாலின் வாழ்க்கை தெரியாமல் இங்குள்ள மீன்பிடி முறை புரியாது. தாய் இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் ஏற்ற நீரோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து சேரும். அலையாத்திச் செடிகளின் வேர்க்காலிலும் சேற்றுத் தரையிலும் சில மாதங்கள் மேய்ந்து வளரும். வளர்ந்தபின், பெரும்பாலும் இருட்டில், வற்ற நீரோடு கடலுக்குத் திரும்பும். போகும் வழி ஒன்றே ஒன்று, முகத்துவாரம். அந்த வழியில் எங்கே நீரோட்டம் ஒடுங்குகிறதோ அங்கே வலை கட்டுபவனுக்கு ஓர் இரவில் கிடைப்பது, அகன்ற நீர்ப்பரப்பில் அலைபவனுக்கு ஒரு வாரத்திலும் கிடைக்காது. நல்ல இடம் கொஞ்சம், வலை வைத்திருப்பவர்கள் நிறைய. இந்தக் கணக்கு உலகின் எல்லாக் கழிமுகங்களிலும் ஒன்றுதான். அதைத் தீர்த்துக்கொண்ட விதம்தான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

எண்ணூர், பழவேற்காடு நீர்ப்பரப்பில் அதற்குப் பாடு என்று பெயர். நீரோட்டம் ஒடுங்கும் ஓடுகாலில் வலை கட்டத் தக்க இடங்களை ஊர் முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கும். இந்த இடத்தில் இத்தனை வலை, அதற்கு மேல் ஒன்றும் கூடாது. இன்று ஒருவருடைய பாடு என்றால் அந்த இடம் அன்று அவருடையது, நாளை அடுத்தவருடையது. யார் முதலில், யார் பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போவார், சுமாரான இடத்திலிருந்தவர் நல்ல இடத்துக்கு வருவார். ஆண்டு முழுவதும் சுற்றிவந்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் எல்லா இடமும் ஒருமுறை கிடைத்திருக்கும். பிடிபடும் அளவு ஒவ்வோர் இரவும் ஏறும் இறங்கும், அது அதிர்ஷ்டம். ஆனால் வலை போடும் வாய்ப்பு அதிர்ஷ்டத்தின் கையில் இல்லை.

பழவேற்காட்டில் இம்முறை நன்கு பதிவாகியுள்ளது. அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள இடங்களைத் தமக்குள் முறைவைத்துக்கொண்டன. ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்த ஆணுக்கே பாடு உண்டு. திருமணமாகித் தனிக் குடும்பமான பிறகே பொதுவாக ஒருவர் தலைக்கட்டு ஆவார். தலைக்கட்டுக்கு ஊர் வரி உண்டு, கோயில் செலவில் பங்கு உண்டு, முறை மீறினால் தெண்டமும் உண்டு. எண்ணூரில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம், எண்ணூர்க் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகியவை ஆற்றைச் சுற்றி அமைந்த ஊர்கள். இவற்றில் சில பெரும்பாலும் கடலை நம்பியவை. காட்டுக்குப்பம் போன்றவை முழுக்க முழுக்க ஆற்றை நம்பியவை. இங்கும் ஆற்றைப் பாடு வைத்தே பகிர்ந்துகொண்டார்கள். இதற்கென அரசாணையோ பதிவேடோ இருந்ததில்லை. ஊர்க் கூட்டமே நீதிமன்றம், நினைவே ஆவணம்.

பாடு முறையைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதை வளப் பாதுகாப்பு ஏற்பாடாகவே பார்த்தார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான். அதைக் கடைப்பிடித்தவர்களுக்கு அதன் முதல் பயன் சண்டை இல்லாமை, அடுத்த பயன் ஓய்வு. முறை இல்லாத இடத்தில் ஒவ்வொரு நாளும் அடுத்தவனுக்கு முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தை இரவெல்லாம் காக்க வேண்டும். பெரிய வலை வாங்கியவனைப் பார்த்து அதைவிடப் பெரிய வலைக்குக் கடன்பட வேண்டும். முறை உள்ள இடத்தில் இதற்கெல்லாம் பொருளே இல்லை. வலை எண்ணிக்கையும் அளவும் ஊருக்குள் முடிவானவை, இடமும் முடிவானது. விடியுமுன் ஓடிப்போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. தன் பாடு வராத நாளில் ஒருவர் வலை பின்னலாம், கிழிசல் தைக்கலாம், படகுக்கு எண்ணெய் பூசலாம், வீச்சு வலையை எடுத்துக்கொண்டு கரையோரம் குழம்புக்கு நாலு மீன் பிடிக்கலாம். அல்லது தூண்டிலோடு உட்காரலாம்.

தூண்டில் மீன்பிடி ஆற்றங்கரையில் யாருடைய முறைக்கும் கட்டுப்பட்டதாக இருந்ததில்லை. அதில் பிடிபடும் அளவு பெரிதாக யாருக்கும் இடைஞ்சல் தராது என்பதே காரணம். கருவியும் எளிது: ஒரு முள், முள்ளுக்குச் சற்று மேலே சிறு ஈயக் குண்டு, சில முழம் நரம்பு. நைலான் வருமுன் பருத்தி நூல் முறுக்கிப் பயன்பட்டது. கொம்பு இல்லாமல் நரம்பை ஒரு புட்டியிலோ கட்டையிலோ சுற்றி வைத்துக்கொண்டு கையால் வீசுவதே இங்குள்ள வழக்கம். கொம்பில் கட்டிய தூண்டிலில் தக்கை அசைவதைக் கண் பார்க்க வேண்டும். கைத்தூண்டிலில் விரல்தான் பார்க்கிறது. இழுபட்ட நரம்பை ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தாங்கியிருப்பார்கள். நண்டு இரையைத் துழாவினால் நரம்பு மெதுவாகப் பாரமாகும். கெளுத்தி விழுங்கினால் ஒரே இழுப்பு. மடவை பெரும்பாலும் முள்ளில் மாட்டுவதே இல்லை, அதன் வாய் பாசியை உறிஞ்சுவதற்கானது. கொடுவாவுக்கு உயிருள்ள சிறு இறாலையோ சிறு மீனையோ குத்த வேண்டும், ஏற்றம் தொடங்கும் நேரத்தில் பாலத்தடியிலோ கல் இடுக்கிலோ போட வேண்டும். இவை எதுவும் எழுதிக் கற்பித்த பாடங்கள் அல்ல. கூட உட்கார்ந்தவர்களுக்கு வந்த பாடங்கள்.

சிறுவர்களின் நண்டு பிடியில் முள்கூட இருப்பதில்லை. கயிற்றில் கோழிக் குடலையோ மீன் தலையையோ கட்டி ஓரத்தில் இறக்குவார்கள். நண்டு பற்றிக்கொள்ளும், விடாது. அவசரப்பட்டு இழுத்தால் நீர்மட்டத்துக்கு வந்ததும் கழன்று போகும். ஆகவே ஒருவன் கயிற்றைச் சாண் சாணாகத் தூக்க, இன்னொருவன் வளையத்தில் கட்டிய வலைத்துண்டை அடியில் கொடுத்து அள்ளுவான். இரண்டு பேர் வேண்டியிருப்பதால் போட்டிக்கு அங்கே இடம் குறைவு.

ஆற்றில் இன்னொரு மீன்பிடியும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அதற்கு வலையும் இல்லை, முள்ளும் இல்லை. இருளர் பெண்கள் கொசஸ்தலையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். வற்றம் பார்த்து நீரில் இறங்கி, கழுத்து வரை நீர் இருக்கும்படி குந்தி அமர்ந்து, இரு உள்ளங்கைகளையும் தரையில் ஒட்ட வைத்துத் தடவிக்கொண்டே நகர்வார்கள். சேற்றில் பதுங்கிய இறால் விரல் பட்டதும் பின்னோக்கித் துள்ளும். அது துள்ளப்போகும் பக்கத்தில் மற்றொரு கை ஏற்கெனவே இருக்கும். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறிக்குப் பல்தான் கொக்கி. பிடித்த இறால் நேராக அதற்குள் போகும். ஒரு நாளில் பல மணி நேரம் இப்படி. சிப்பி கீறும், கெளுத்தி முள் குத்தும், உப்பு நீரில் புண் ஆறாது. இதை இன்பமான பொழுதுபோக்கு என்று வர்ணிப்பது கரையில் நிற்பவருக்கு மட்டுமே முடியும். ஆயினும் கூட்டமாகப் போய், பேச்சும் கேலியுமாக, ஆளுக்கொரு பக்கமாகத் துழாவி வரும் இந்த வேலையில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் முந்திப் புகும் வழக்கம் இல்லை.

இங்கேதான் பாடு முறையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முறை என்பது உள்ளே இருப்பவர்களுக்கு நியாயம், வெளியே இருப்பவர்களுக்குச் சுவர். பட்டினவர் என்னும் மீனவச் சாதியாரின் ஊர்த் தலைக்கட்டுகளுக்குள் அது சுழன்றது. இருளரும் தலித் மக்களும் உள்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் நல்ல ஓடுகால்களுக்கு வெளியே நின்றார்கள். எந்தச் சாதிப் பெண்ணுக்கும் பாடு இல்லை. கணவனை இழந்த வீட்டுக்குப் பங்கு உண்டா என்பது ஊரின் மனத்தைப் பொறுத்தது. 1970களில் இறால் விலை ஏறியபின் பழவேற்காட்டில் பாடு உரிமை இல்லாத ஊர்கள் அதைக் கேட்டுப் போராடின, மோதல்கள் நடந்தன, வழக்குகளும் நடந்தன. போட்டியை ஒழித்த ஏற்பாடு என்று பாடு முறையைப் புகழ்பவர்கள், போட்டிக்கு வரக்கூடியவர்களில் ஒரு பகுதியினரை வாசலிலேயே நிறுத்திய பிறகுதான் அது சுமுகமாக நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீன்பிடியைப் பொழுதுபோக்காகவே செய்தவர்கள் இந்த ஆற்றுக்கு வெளியிலிருந்து வந்தார்கள். 1806இல் பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் சென்னையை எண்ணூரோடு சுமார் 11 மைல் நீர்வழியால் இணைத்தது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிவந்த படகுகளின் பாதையில் சென்னைக் கோட்டையின் துரைமார்களும் வந்தார்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் அவர்களுக்கு ஓய்வு வீடுகள் இருந்தன. பின்னாளில் இந்தக் கால்வாய் வடக்கும் தெற்கும் நீட்டப்பட்டு, 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது.

ஆங்கிலேயரின் தூண்டில் மரபுக்கு இரண்டு முகங்கள். ஒன்று, ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூல் வழி வந்த முகம், அதன்படி ஆற்றங்கரையில் அமர்வது சிந்திக்கும் மனிதனின் பொழுதுபோக்கு. இன்னொன்று, எடைபோட்டு அளந்து சாதனை எழுதும் முகம். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடி பற்றியும் 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றியும் எழுதிய நூல்கள் இரண்டும் கலந்தவை. மீனின் பழக்கத்தைப் பொறுமையாகக் கவனித்த மனிதர் அவர். ஆனால் அந்நூல்களின் வழிவந்தவர்கள் தேடியது காவிரியிலும் கபினியிலும் பெரிய மீனை. 1946இல் கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு பொம்மீன் இன்றுவரை பேசப்படும் சாதனை. அந்தத் திமிலுள்ள பொம்மீன் இனம் 2018இல் மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலுக்குள் போனது. அதற்குத் தூண்டில்காரர்கள் மட்டும் காரணமல்ல, அணைகளும் வேற்றின மீன்களை விட்டதும் பெரிய காரணங்கள். அந்நூல்களின் காலத்தை ஒட்டிப் போட்டி மீன்பிடியும் பரவியது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது சேன் ஆற்றில் தூண்டில் போட்டியே நடந்தது, அதிகாரப்பூர்வமற்ற நிகழ்ச்சியாக.

எண்ணூர்க் கழியில் 120 பவுண்டு மீன் கிடையாது. அதனால்தானோ என்னவோ, சாதனைப் பட்டியலில் இந்த ஆறு இடம்பெறவே இல்லை. ஆனால் தாமஸ் போன்றோரின் வற்புறுத்தலால் வந்த 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. அது இந்த ஆற்றுக்கும் பொருந்திய சட்டம். நஞ்சு கலப்பதைத் தடுக்கும் சட்டம் ஏட்டில் இருக்கும்போதே இந்த ஆறு பின்னாளில் என்ன ஆனது என்பது தனிக் கதை.

கடலில் நடந்தது வேறு. அமெரிக்காவும் ஜப்பானும் உறைய வைத்த இறாலை வாங்கத் தொடங்கியதும், 1960களிலும் 70களிலும் இழுவைப் படகுகள் பெருகின. இராயபுரம் காசிமேட்டில் 1980களில் மீன்பிடித் துறைமுகம் வந்தது. கட்டுமரக்காரர்களின் வலைகள் இழுவைப் படகுகளால் அறுபட்டன, கடலில் அடிதடி நடந்தது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரியப் படகுகளுக்கு ஒதுக்கியது. 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் தடைக்காலம் வந்து, 2017இல் அது 61 நாளானது. அதாவது, ஆற்றில் ஊர் தானே கட்டிக்கொண்ட நிதானத்தைக் கடலில் அரசு சட்டம் போட்டு உண்டாக்க வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் ஓட்டம் நிற்கவில்லை. பெரிய எஞ்சின், நீண்ட பயணம், கூடுதல் டீசல், கூடுதல் கடன் என்று கடல் தொழில் போய்க்கொண்டே இருந்தது. கடல் ஆற்றைவிடப் பெரிது, அங்கே ஒருவரை ஒருவர் தெரியாது என்பது ஒரு காரணம். முறை வைக்க முதலில் முகம் தெரிய வேண்டும்.

பொதுவில் இருக்கும் வளத்தை மனிதர்கள் போட்டி போட்டே அழித்துவிடுவார்கள் என்று 1968இல் கேரட் ஹார்டின் எழுதியபோது உலகம் தலையாட்டியது. அப்படி ஆக வேண்டியதில்லை என்று 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் நூலாக எழுதினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று துருக்கியின் அலான்யா. அங்கே ஏறத்தாழ 100 மீனவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் இடங்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஜனவரி வரை நாளுக்கு ஓரிடம் கிழக்கே நகர்வார்கள், அதன்பின் மேற்கே திரும்புவார்கள். மீன் கூட்டம் நகரும் திசையையும் கணக்கில் எடுத்த ஏற்பாடு அது. எண்ணூர்க்காரருக்கு இதில் வியப்பொன்றும் இருந்திருக்காது. கொச்சிக் கழியில் வைப்பின் தீவில் கம்பு நட்டு வலை கட்டுபவர்களிடமும் பாடு என்ற பெயரிலேயே முறை உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் கழியில் கட்டுவலைக்குச் சீட்டு எடுக்கும் வழக்கத்தை 1958இல் அரசு விதிகளாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்ட அங்கீகாரம் பாடு முறைக்குக் கிடைக்கவில்லை. அதன் விளைவு பிறகு தெரிந்தது: ஆற்றை எடுத்துக்கொண்டவர்களின் காகிதங்களில் ஆறு யாருக்கும் உரிமையில்லாத புறம்போக்காகவே இருந்தது.

எர்ணாவூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தது 1948இல் தொடங்குகிறது. அவ்வாண்டு தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் ஆகி எண்ணூரில் நிலைத்தது. 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் கார்போரண்டமும் வந்தன. 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் உர ஆலை. 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம், 1994இல் வட சென்னை அனல் மின்நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். இத்தனையும் ஊருக்கு வேலை தந்தன. குப்பத்துப் பிள்ளைகளில் பலர் ஐடிஐ படித்து ஆலைக்குள் போனார்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஆற்றிலிருந்து ஏதாவது எடுத்தது. மின்நிலையங்கள் குளிர்விக்க நீர் எடுத்துச் சுடுநீரைத் திருப்பிவிட்டன. ஆற்றின் மேல் போகும் குழாய்கள் ஒழுகிச் சாம்பல் சேறு தரையில் படிந்தது. அலையாத்தி நின்ற இடங்களும் உப்பளங்களும் மேடாயின. கரையோர மணலோட்டம் மாறி முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்தது.

பாடு முறை ஆட்களால் உடையவில்லை, இடத்தால் உடைந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமிருந்த ஓடுகால்கள் இடுப்பளவும் முழங்காலளவும் ஆனபோது வலை கட்டும் இடங்களின் எண்ணிக்கை சுருங்கியது. இடம் குறைந்தால் முறை வரும் இடைவெளி நீளும். இடைவெளி நீண்டால் பிழைப்பு நடக்காது. சிலர் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போனார்கள், சிலர் கடலுக்குப் போனார்கள், பலர் கூலிக்குப் போனார்கள். எஞ்சியவர்கள் முறையைக் கைவிடவில்லை. முறை வைக்கத்தான் இறால் இல்லை.

2004 டிசம்பர் சுனாமி எர்ணாவூர்க் கரையையும் தாக்கியது. பின்னர் கடலோரம் வீடிழந்த குடும்பங்களுக்கு எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. அலையில் இருந்து காத்ததோடு அது பலரைத் தம் கரையிலிருந்தும் தள்ளி வைத்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெய் தெற்கே அடித்து வந்து எர்ணாவூர்க் கரையின் கற்களில் கெட்டியாக அப்பிக்கொண்டது. நாட்கணக்கில் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் எண்ணூர் அனல் மின்நிலையம் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே வந்து ஆற்றையும் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. அம்முறையும் கைக்குவளைகளால் அள்ளியவர்களில் முன்னே நின்றவர்கள் மீனவர்களே. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அரசு நிவாரணம் அறிவித்தது. இதற்கிடையில் காக்கா ஆழி என்று மீனவர்கள் அழைக்கும் வேற்றுநாட்டுச் சிப்பி தரையில் கம்பளமாகப் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிக்கொண்டிருக்கிறது. கையால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு அதனால் இரட்டை இழப்பு: இறாலும் இல்லை, தடவினால் கையும் கிழிகிறது.

தொழிலாக ஆற்று மீன்பிடி சுருங்கினாலும் தூண்டில் போகவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலரிப்பைத் தடுக்க அரசு கொட்டிய கருங்கற்களிலும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளிலும், கால்வாய்ப் பாலங்களிலும், கழிமுகக் கரையிலும் இன்றும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷிஃப்ட் முடித்த தொழிலாளர்கள், ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், பாடு இல்லாத நாளில் மீனவர்கள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள். கடைகளில் விற்கும் மடக்குக் கொம்பும் சுழல் உருளையும் இளைஞர் கைகளுக்கு வந்துவிட்டன. மூத்தவர்கள் இன்னும் புட்டியில் சுற்றிய நரம்போடுதான். ஒருவர் இரை தீர்ந்தால் பக்கத்திலிருப்பவர் தருகிறார். ஒருவர் முள் கல்லிடுக்கில் சிக்கினால் மற்றவர் தம் நரம்பைச் சுருட்டி வழிவிடுகிறார். கூடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுண்டு, எடை போடுவதில்லை. கழியில் பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போவதா என்பதில் மட்டும் கருத்து இரண்டாக இருக்கிறது. எண்ணெய் நாற்றம் அடித்தால் மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏற்றம் தொடங்கும் நேரமாகப் பார்த்து வருவதும், வற்றம் ஆனதும் எழுந்து போவதும் மாறவில்லை.